பேட்ச்சை ஒட்டுவதா, தைப்பதா? மூன்று துணிக்கு மூன்று பதில்

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான். மகனின் ஜீன்ஸ் ஜாக்கெட்டில் வைக்க நான்கைந்து எம்ப்ராய்டரி பேட்ச் வாங்கியிருக்கிறீர்கள். பின்பக்கம் பளபளவென்று பசை இருக்கிறது. வீட்டுக்காரர் நண்பர்களோடு பைக்கில் ஏற்காடு போகும்போது போடும் விண்ட்சீட்டரில் அவர்கள் குழுவின் ரப்பர் பேட்ச் வைக்க வேண்டும். உங்களுக்கு ஒரு பட்டு ப்ளவுஸும், அதன் கைக்கு வைக்க ரெடிமேட் ஆரி பேட்ச்சும் இருக்கின்றன. மூன்றையும் இஸ்திரி போட்டே ஒட்டிவிடலாமா, இல்லை தைக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுக்கும் பதில் வேறு வேறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சேலம் அம்மாபேட்டையில் 26 வருடமாகத் தையல் வேலை பார்க்கிறேன். பேட்ச் கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பேட்ச்சைத்தான் நீட்டுவார்கள். நான் கேட்பது வேறு: எந்தத் துணியில் வைக்கப் போகிறீர்கள், அதை வீட்டில் எப்படித் துவைப்பீர்கள்? இந்த இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். பேட்ச் எந்த வகை என்பது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பளபளப்பான பசையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது சூட்டில் இளகி, ஆறினால் இறுகும் ஒரு பிளாஸ்டிக் படலம். இஸ்திரிப் பெட்டியின் சூடு பேட்ச்சைத் தாண்டி உள்ளே போனதும் படலம் உருகுகிறது. பெட்டியின் அழுத்தம் அதைத் துணியின் இழைகளுக்கு நடுவே தள்ளுகிறது. ஆறும்போது இழைகளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கெட்டியாகிறது. சட்டைக் காலருக்குள் நாங்கள் வைக்கும் ஒட்டு கேன்வாஸும் இதே முறையில்தான் ஒட்டுகிறது. ஆக சூடு, அழுத்தம், ஆறும் நேரம் மூன்றும் வேண்டும். நிறையப் பேர் சூட்டை மட்டும் பார்க்கிறார்கள். ஒட்டிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, கை சுடச்சுட ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்ப்பார்கள். பசை இளகிக் கிடக்கும் அந்த நேரத்தில் தூக்கினால் அந்த இடத்தில் பிடிப்பு போய்விடும். பிறகு உரிய ஆரம்பிப்பதும் அங்கிருந்துதான்.

பசை உள்ளே இறங்க இடம் இருக்கிற துணியில்தான் அது நிற்கும் என்பதும் இதிலிருந்து புரியும். ஜீன்ஸ், டிரில், கேன்வாஸ், காடா மாதிரி கொஞ்சம் சொரசொரப்பான பருத்தி இதற்கு நன்றாக ஒத்துவரும். வழவழப்பான நைலானிலும், தண்ணீர் ஒட்டாத பூச்சுப் போட்ட துணியிலும், ரெக்ஸினிலும் பசைக்குப் பிடிமானமே கிடையாது. முதல் நாள் ஒட்டின மாதிரி இருக்கும், நாலாம் நாள் கையோடு வந்துவிடும்.

சரி, ஜீன்ஸ் ஜாக்கெட்டுக்கு வருவோம். புது ஜாக்கெட் என்றால் முதலில் ஒரு தடவை துவைத்துக் காய வையுங்கள். பருத்தி முதல் சலவையில் கொஞ்சமாவது சுருங்கும். பாலியஸ்டர் பேட்ச் சுருங்காது. துவைக்காமல் வைத்துவிட்டால் பிறகு ஜாக்கெட் மட்டும் சுருங்கி, பேட்ச்சைச் சுற்றி அலை அலையாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சலவையில் துணி மென்மைக்கு ஊற்றும் திரவம் வேண்டாம். அது இழை மேல் ஒரு வழவழப்பைப் பூசிவிடும், பசை பிடிக்காது.

இடம் குறிக்கும்போது பையனுக்கு ஜாக்கெட்டைப் போட்டுவிட்டுக் குறியுங்கள். தரையில் விரித்து வைத்துப் பார்த்தால் நேராகத் தெரிவது, போட்டதும் அக்குளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சாக்பீஸால் நான்கு மூலையும் குறித்தால் போதும்.

ஒட்டுவதற்கு மெத்தென்ற இஸ்திரிப் பலகை வேண்டாம். அழுத்தம் எல்லாம் பஞ்சுக்குள் போய்விடும். கெட்டியான மேஜையில் பழைய வேட்டியை மடித்துப் போட்டால் போதும். பெட்டியில் தண்ணீர் இருந்தால் கொட்டிவிடுங்கள், ஆவி வரக்கூடாது. பெட்டியில் ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி ஜீன்ஸ் மூன்று புள்ளியைத் தாங்கும். ஆனால் பேட்ச்சின் பூவேலை பாலியஸ்டர் நூலாக இருக்கும், அதனால் மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வைப்பது என் வழக்கம். பேட்ச்சோடு வந்த அட்டையில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். பெட்டியைத் தேய்க்காமல் அப்படியே வைத்து 20 எண்ணும் வரை அழுத்துங்கள். ஆவிப் பெட்டி என்றால் அடியில் ஓட்டைகள் இருக்கும், அந்த இடத்தில் சூடு சரியாகப் படாது. அதனால் எடுத்து, கொஞ்சம் நகர்த்தி வைத்து இன்னொரு தடவை அழுத்த வேண்டும்.

அப்புறம் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி, பின்பக்கத்திலிருந்தும் அதே மாதிரி செய்யுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பூவேலை அடர்த்தியாக உள்ள பேட்ச், சூட்டை உள்ளே விடாமல் தானே தாங்கிக்கொள்ளும். ஜீன்ஸ் பக்கம் இருந்து வரும் சூடுதான் பசையை முழுதாக உருக்கும். முடித்ததும் மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள்.

வீட்டுப் பெட்டி லேசாக இருக்கிறது என்றால் தெருமுனை இஸ்திரி வண்டிக்குக் கொண்டு போகலாம். கரிப் பெட்டியின் கனம் இந்த வேலைக்கு அருமையானது, ஆவியும் கிடையாது. ஆனால் அதில் சூட்டுக்கு அளவு கிடையாது. இஸ்திரிக்காரர் தண்ணீர் தெளித்துப் பார்த்துக் கைப்பழக்கத்தில் சொல்வதுதான் கணக்கு. பருத்திக்கும் ஜீன்ஸுக்கும் மட்டும் கொடுங்கள்.

இவ்வளவு செய்து ஒட்டினாலும், ஓரத்தைச் சுற்றி ஒரு தையல் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நம் வீடுகளில் துணி துவைப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். உப்புத் தண்ணீர் போர், சோப்பு, பிரஷ், துவைக்கும் கல், பிறகு மொட்டை மாடி வெயில். பசையின் ஓரம் ஒரு நூலளவு தூக்கினால் போதும், பிரஷ் அதைப் பிடித்துக்கொள்ளும். சின்னப் பையன் ஜாக்கெட் என்றால் அவனே வகுப்பில் உட்கார்ந்து சுரண்டிப் பார்ப்பான். பசைக்கு நான் கொடுக்கும் மரியாதை இதுதான்: தைக்கும்போது பேட்ச் நகராமல் பிடித்துக்கொள்ளும், நடுப்பகுதி உப்பாமல் பார்த்துக்கொள்ளும். காலத்துக்கும் பிடித்து நிற்பது நூல். கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். வண்ணத் துணிகளை வெட்டி, மேலே வைத்து, ஓரம் தைத்து எடுத்தவை. வெயிலிலும் தூசியிலும் ஆடிக்கொண்டிருக்கும், ஆனாலும் தையல் பிரிவதில்லை.

தைப்பதில் சில நுணுக்கம் உண்டு. பேட்ச்சின் ஓரம் கயிறு மாதிரி தடித்து உருண்டு இருக்கிறதா, இல்லை வெட்டி விட்ட மாதிரி தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். தடித்த ஓரத்துக்கு மெரோ ஓரம் என்று பெயர். அந்தத் தையல் மெஷினைச் செய்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர் அது. அந்தத் தடிப்புக்கு உள்பக்கம் ஒட்டினாற்போல் ஒரு பள்ளம் ஓடும். தையல் அந்தப் பள்ளத்தில் ஓடினால் வெளியே தெரியவே தெரியாது. தட்டை ஓரம் என்றால் ஓரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்ளே, அதே நிற நூலில் தையுங்கள். நெருக்கமான ஜிக்ஜாக்கும் அழகாக இருக்கும்.

ஜீன்ஸுக்கு 16 நம்பர் ஊசி, ஸ்பன் பாலியஸ்டர் நூல், தையல் நீளம் மூன்று மில்லிமீட்டர். பொடித் தையல்தான் பலம் என்று நினைத்து நெருக்கி அடிக்காதீர்கள். தபால் தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசை விழுந்து, இழுத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். பசை உள்ள பேட்ச்சைத் தைக்கும்போது ஊசியில் பிசுக்கு ஏறி நூல் விட்டு விட்டுப் போகும். ஸ்பிரிட் தொட்ட துணியால் அடிக்கடி ஊசியைத் துடைத்துக்கொள்ளுங்கள். இஸ்திரி போட்டு முழுதாக ஆறிய பிறகு தைத்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

மெஷின் இல்லையென்றால் கைத்தையலே போதும், ஆனால் வெறும் ஓட்டுத் தையல் வேண்டாம். ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஒரு அடி பின்னால் வந்து குத்தும் பின் தையல் போடுங்கள். நூல் இரட்டையாக இருக்கட்டும்.

மூன்று இடங்களில் மட்டும் அவசரப்பட வேண்டாம். மார்புப் பை மேல் பேட்ச் வைத்து மெஷினில் ஓட்டினால் பையின் வாய் அடைபட்டுப் போகும், அங்கே கைத்தையல்தான். ஜாக்கெட் கைக்குள் மெஷின் நுழையாது. கையின் உள்பக்கத் தையலை ஓர் அடி நீளம் பிரித்து, விரித்து வைத்துத் தைத்துவிட்டு மறுபடி மூட வேண்டும். ஜீன்ஸில் அந்தத் தையல் மடித்து அடித்த டபுள் தையலாக இருக்கும், அதைத் தையல்காரரிடம் விடுங்கள். உள்லைனிங் உள்ள ஜாக்கெட் என்றால் லைனிங்கின் அடி ஓரத்தைக் கொஞ்சம் பிரித்து, மேல் துணியோடு மட்டும் பேட்ச்சைச் சேர்க்க வேண்டும். லைனிங்கோடு சேர்த்து அடித்தால் துணி இழுத்துக்கொண்டு, போடும்போதெல்லாம் முதுகில் உறுத்தும்.

இனி விண்ட்சீட்டர். இதில் தயவுசெய்து இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு போகாதீர்கள். தொழிலுக்கு வந்த நாலாவது வருடம், ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் தன் நைலான் கோட்டில் ஒரு பெயர்ப் பேட்ச் ஒட்டித் தரக் கேட்டார். சற்று முன்தான் பருத்தி வேட்டி தேய்த்திருந்தேன். பெட்டியின் குமிழைக் குறைத்துத் திருப்பிவிட்டு உடனே வைத்துவிட்டேன். பெட்டி சீக்கிரம் சூடாகும், ஆறுவது மெதுவாகத்தான். எடுத்தபோது கோட்டின் மார்பில் பெட்டியின் முனை அப்படியே பதிந்து, துணி சுருண்டிருந்தது. அவருக்குப் புதுக் கோட் வாங்கிக் கொடுத்தேன். நைலான் உருகுவது 220 டிகிரி அளவில்தான், ஆனால் அதற்கு வெகு முன்பே துணி இளகிச் சுருங்க ஆரம்பிக்கும். உள்ளே பூசியிருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு அதற்கும் முன்பே கெடும். உங்கள் வீட்டுக்காரரின் பேட்ச் வேறு ரப்பர் மாதிரியான பிவிசி. பெட்டி பட்டால் அதுவும் உருகிவிடும்.

தைக்கலாமா என்றால், தைக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஊசிக் குத்தும் தண்ணீர் நுழையும் ஓட்டை. பருத்தி இழை நனைந்தால் கொஞ்சம் உப்பி ஓட்டையை மூடும். நைலான் அப்படி மூடாது. சேலத்தில் இது பெரிய விஷயம் இல்லை. மேலே 1500 மீட்டர் உயரத்தில், 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும்போது பனிமூட்டமும் தூறலும் நெஞ்சில்தான் முதலில் அடிக்கும். பேட்ச் வைத்த இடம் மட்டும் நனைந்து சில்லிட்டுப் போனால் அந்தக் கோட் எதற்கு?

அதனால் என் யோசனை வெல்க்ரோ. பேட்ச்சின் பின்னால் கொக்கிப் பக்கம், கோட்டில் மெத்தென்ற பக்கம். மாற்றி வைக்காதீர்கள். கோட்டில் கொக்கிப் பக்கம் இருந்தால் துவைக்கும்போது மற்றத் துணிகளின் நூலை எல்லாம் பிடித்து இழுக்கும். (வெல்க்ரோவைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் என்ற சுவிஸ் எஞ்ஜினியர். மலையில் நடந்துவிட்டு வந்தபோது உடையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு வந்த முட்காய்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அந்தக் கொக்கியைத்தான் துணியில் கொண்டு வந்தார். சேர்வராயன் மலைப் பாதையில் நடந்தால் சேலை ஓரமெல்லாம் நாயுருவி ஒட்டிக்கொண்டு வருமே, அதே மாதிரி.) வெல்க்ரோ பேட்ச்சின் முழு அகலத்துக்கும் இருக்கட்டும். நடுவில் சின்னப் பட்டி மட்டும் வைத்தால் பைக் வேகத்தில் காற்று ஓரத்தைத் தூக்கித் தட்டிக்கொண்டே இருக்கும்.

மெத்தென்ற பக்கத்தையும் கோட்டில் தைக்கத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் எங்கே தைப்பது என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். பையை மூடும் மடல், ஜிப்பை மூடும் பட்டி, இவையெல்லாம் கோட்டின் மேல் தனியாகத் தொங்கும் துணிகள். அங்கே ஓட்டை விழுந்தாலும் உடம்புக்குத் தண்ணீர் வராது. பேட்ச் பெரியது, மார்பில்தான் வைக்க வேண்டும் என்றால் 11 நம்பர் மெல்லிய ஊசியில், நீளத் தையலாக ஒரே ஒரு சுற்று. பிறகு உள்பக்கத்தில் தையல் ஓடிய வரிசையின் மேல், கூடார மூட்டுக்கும் மழைக்கோட்டு மூட்டுக்கும் பூசும் சீம் சீலரைத் தடவி ஒரு நாள் காய விடுங்கள். ஒட்டும் பசையோடு வரும் வெல்க்ரோவை வாங்காதீர்கள். அது சுவருக்கும் மேஜைக்கும் ஆனது. துணியிலும் நிற்காது, தைத்தால் ஊசியையும் பிசுக்காக்கும்.

இன்னொன்று முக்கியம். கோட்டில் வெள்ளி நிறத்தில் பளிச்சிடும் பட்டை இருந்தால் அதன் மேல் பேட்ச் வரவே கூடாது. மூட்டத்தில் பின்னால் வரும் வண்டிக்கு அவர் இருப்பதைக் காட்டுவது அந்தப் பட்டைதான்.

ரப்பர் பேட்ச்சின் ஓரத்தைச் சுற்றித் தைப்பதற்கென்றே ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். வெல்க்ரோவை அந்தப் பள்ளத்தில்தான் தைக்க வேண்டும். ரப்பர் மெஷின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகராது. மேலே பட்டர் பேப்பர் வைத்து ஓட்டிவிட்டுக் கிழித்து எடுத்துவிடுங்கள்.

இப்போது ப்ளவுஸ். எனக்கு மனசுக்கு நெருக்கமான வேலை இது. ஆரி பேட்ச்சை ஒட்டவே கூடாது, எந்தப் பசையாலும். சம்கியும் முத்தும் பெரும்பாலும் பிளாஸ்டிக், சூட்டில் சுருளும். கல் ஒட்டியிருக்கும் பசை சூட்டில் விட்டுப்போகும். பட்டில் பசை ஊறி, நாளாக நாளாக மஞ்சள் கறையாக மேலே தெரியும். நம்மூர் வெண்பட்டு மாதிரி வெள்ளைப் பட்டில் என்றால் அதைப் பிறகு எடுக்கவே முடியாது. இன்னும் ஒரு காரணம் இருக்கிறது: நல்ல ஆரி பேட்ச் ஒரு ப்ளவுஸோடு முடிகிற பொருள் கிடையாது. தைத்திருந்தால் பிரித்து அடுத்த ப்ளவுஸில் வைக்கலாம்.

ப்ளவுஸ் இன்னும் தைக்கவில்லை என்றால் நல்லது. கைத் துணியை வெட்டியதும், கையை மூடுவதற்கு முன்பே பேட்ச்சை வைத்துவிட வேண்டும். மூடிய கையில் வைத்தால் நேராக வராது. கையை நீளவாக்கில் பாதியாக மடித்து நடுக்கோடு குறியுங்கள், பேட்ச்சின் நடுவையும் குறியுங்கள், இரண்டையும் சேருங்கள். இடது வலது கைகளை அருகருகே வைத்து, கீழ் ஓரத்திலிருந்து ஒரே தூரம் இருக்கிறதா என்று அளந்த பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும்.

பட்டோடு லைனிங்கையும் சேர்த்துக் குத்துங்கள். ஜாக்கெட்டுக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர். முத்தும் கல்லும் கனம். பட்டு மட்டும் அந்தக் கனத்தைத் தாங்கினால் இழை விலகிக் கொடுக்கும். லைனிங் வைத்தால் பாரம் அதன் மேல் போகும். மெல்லிய கை ஊசி, பட்டு நூல், ஒற்றை இழை. அடியிலிருந்து ஊசியை ஏற்றி, ஓர முத்து வரிசைக்கு அடியில் நூல் ஒளியும்படி மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு ஒரு குத்து. பேட்ச் பெரியதாக இருந்தால் நடுவிலும் அங்கங்கே நான்கைந்து குத்து, இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது நடுப்பகுதி பை மாதிரி தொங்கும். நூலை இறுக்கி இழுக்காதீர்கள், பட்டு சுருங்கிவிடும்.

ஸ்வெட்டரில் வைக்க நினைத்தாலும் கைத்தையல்தான். பின்னல் துணி இழுபடும், பேட்ச் இழுபடாது. அதனால் தளர்வாக ஓரம் சுற்றித் தைத்து, உள்ளே ஒரு மெல்லிய துணி கொடுத்தால் போதும். கம்பளி என்று வாங்கியது அக்ரிலிக்காகவும் இருக்கலாம். ஓரத்தில் ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகிய வாசமும் பொடியும் சாம்பலும் வந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான உருண்டை வந்தால் அக்ரிலிக், அதில் இஸ்திரி பட்டால் பின்னல் நசுங்கி அப்படியே நின்றுவிடும்.

ஊக்கு குத்துவது ஒரு நாள் விழாவுக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம். நொடியில் ஒட்டும் சூப்பர் க்ளூவைத் துணியில் ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. பருத்தியிலும் கம்பளியிலும் அது பட்டால் சட்டென்று சூடு கிளம்பும். உடம்பில் போட்டிருக்கும் துணியில் ஊற்றினால் தோல் வெந்துவிடும். பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் சொல்கிறேன்.

பிற்பாடு எடுக்க நேர்ந்தால்: தைத்ததைப் பின்பக்கத்திலிருந்து நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்தால் மேலே நூல் தானாக வந்துவிடும். ஒட்டியதை மறுபடி சூடு காட்டி, இளகியதும் மெதுவாக உரிக்க வேண்டும். மிஞ்சிய பிசுக்கில் ஐஸ் வைத்தால் இறுகும், சுரண்டி எடுத்துவிட்டு ஸ்பிரிட்டால் துடையுங்கள். எதற்கும் முதலில் உள்மடிப்பில் ஒரு துளி விட்டு, சாயம் போகிறதா என்று பாருங்கள். ஜீன்ஸில் பேட்ச் இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் கருநீலமாகத் தெரியும். அதற்கு வழி கிடையாது, அதே அளவிலோ கொஞ்சம் பெரிதாகவோ வேறொரு பேட்ச்சை மேலே வைக்க வேண்டியதுதான். பையன் வளர வளரப் பிடித்த படம் மாறும், அதனால் அவன் ஜாக்கெட்டுக்கு முதல் பேட்ச்சையே ரொம்பப் பெரிதாக வாங்கிவிடாதீர்கள்.